இறந்தவர் பல்லில் இருக்கும் சாட்சி: தொல்மரபணு சொல்லும் நோய்க்கிருமிகளின் வரலாறு

இறந்து எழுநூறு ஆண்டுகள் கடந்த ஒருவரின் பல்லை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அவர் எந்த நோயால் இறந்தார் என்பதை இன்று கண்டறிய முடிகிறது. அந்த நோய்க்கிருமி எங்கிருந்து வந்த கிருமியின் வழித்தோன்றல், அதன் பிள்ளைகள் இன்று எந்த நாட்டில் உயிரோடு இருக்கின்றன என்பதையும் பல வேளைகளில் சொல்லிவிடுகிறார்கள். தொல்மரபணு ஆய்வு என்று இந்தத் துறைக்குப் பெயர். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பிளேக், தொழுநோய், காசநோய், கொலரா ஆகியவற்றின் வரலாறு இதனால் பெரிதும் திருத்தி எழுதப்பட்டிருக்கிறது.

இதைப் பற்றி நான் எழுத முனைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நான் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரிப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவன். 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எங்கள் சனத்தைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக ஒரு பேச்சு இருந்தது: இவர்கள் இந்தியாவிலிருந்து நோயைக் காவிக்கொண்டு வந்தவர்கள் என்று. வெள்ளைக்காரன் காலத்து அறிக்கைகளில் அந்தப் பேச்சு இருக்கிறது. சிங்களக் கிராமங்களிலும் இருந்தது. வன்னியில் குடியேறிய பிறகு, எங்கள் சொந்த மொழி பேசியவர்களிடமிருந்தும் அதை நாங்கள் கேட்டதுண்டு. கிருமிகளின் வரலாற்றைக் கிருமிகளிடமே கேட்கும் வழி பிறந்திருக்கும் காலத்தில், அந்தப் பழிச்சொல்லையும் ஒருமுறை உரசிப் பார்ப்பது நல்லது.

பல்லுக்குள் என்ன இருக்கிறது?

எல்லா உயிர்களின் கலங்களிலும் டிஎன்ஏ என்ற நீண்ட இழை உண்டு. நான்கு எழுத்துகளால் எழுதிய புத்தகம் என்று அதை நினைத்துக்கொள்ளலாம். பிளேக் கிருமியின் புத்தகத்தில் சுமார் 46 இலட்சம் எழுத்துகள். கிருமி பெருகும்போது இந்தப் புத்தகம் பிரதி எடுக்கப்படுகிறது. இடைக்கிடை ஓரெழுத்து பிழையாகப் பதிவாகிவிடும். அந்தப் பிழை பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் போகும். இரண்டு கிருமிகளில் ஒரே பிழைகள் இருந்தால் அவை ஒரே தாய்வழி வந்தவை. பிழைகள் எத்தனை சேர்ந்திருக்கின்றன என்பதைக் கொண்டு, இரண்டும் எந்தக் காலத்தில் பிரிந்தன என்றும் கணிக்கலாம். ஓலைச்சுவடியைப் பார்த்து எழுதியவர்கள் விட்ட பிழைகளை வைத்து, எந்தச் சுவடி எதிலிருந்து படியெடுக்கப்பட்டது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்களே, அதே வேலைதான் இது.

உயிர் போனதும் இந்த இழை துண்டு துண்டாக உடையத் தொடங்குகிறது. வெப்பமும் ஈரமும் அதை இன்னும் விரைவாக அழிக்கும். ஆனால் பல்லின் நடுவில் இரத்தக் குழாய்கள் ஓடும் சிறு அறை ஒன்று உண்டு. இரத்தத்தில் கிருமி பரவி ஒருவர் இறந்தால், அந்த இரத்தத்தோடு கிருமியின் துண்டுகளும் அந்த அறைக்குள் காய்ந்துபோய் நிற்கும். வெளியே கவசம் போல எனாமல் இருப்பதால் நூற்றாண்டுகள் கழிந்தும் கொஞ்சம் மிஞ்சும்.

அது உண்மையில் பழைய துண்டா, தோண்டியவரின் கையிலிருந்தோ மண்ணிலிருந்தோ ஒட்டிக்கொண்டதா என்ற கேள்வி இந்தத் துறையைத் தொடக்கத்தில் அலைக்கழித்தது. இப்போது அதற்கு விடை உண்டு. பழைய டிஎன்ஏ துண்டுகளின் முனைகளில் ஒரு குறிப்பிட்ட எழுத்து சிதைந்து வேறோர் எழுத்துப் போலத் தெரியும். புதிய டிஎன்ஏயில் இந்தச் சிதைவு அப்படி இருக்காது. பழமைக்கு முத்திரை குத்தியது போல அது நிற்கிறது.

லண்டன் இடுகாடும் கிர்கிஸ்தான் கல்லறைகளும்

1348இல் லண்டனைப் பிளேக் தாக்கியது. பிணங்களைப் புதைக்க ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் என்ற இடத்தில் தனியாக ஓர் இடுகாடு திறந்தார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களின் பற்களிலிருந்து பிளேக் கிருமியின் முழு மரபணுத் தொகுதியையும் விஞ்ஞானிகள் மீட்டெடுத்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பழங்காலக் கொள்ளைநோயின் கிருமி முழுமையாக வாசிக்கப்பட்டது அதுவே முதல் தடவை.

பலர் எதிர்பார்த்தது ஒரு கொடூரமான, இன்று இல்லாத கிருமியை. கிடைத்தது வேறு. அந்தக் கிருமிக்கும் இன்று உலகின் சில பகுதிகளில் இருக்கும் பிளேக் கிருமிக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ஐரோப்பாவின் சனத்தொகையில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ செத்தது ஏன் என்ற கேள்விக்குக் கிருமியின் எழுத்துகளில் மட்டும் விடை இல்லை. பஞ்சத்தால் மெலிந்திருந்த உடல்கள், எலி நிறைந்த நெருக்கமான வீடுகள், மருந்தில்லாத காலம் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பிளேக் எங்கே தொடங்கியது என்பதற்கு 2022இல் ஒரு தடயம் கிடைத்தது. கிர்கிஸ்தானில் இசிக்குல் ஏரிக்கு அருகே பழைய கிறிஸ்தவ இடுகாடு ஒன்று இருக்கிறது. அங்குள்ள 467 கல்லறைக் கற்களில் 118 கற்கள் 1338, 1339 ஆகிய இரண்டே ஆண்டுகளைக் காட்டுகின்றன. சிலவற்றில் சிரிய மொழியில் கொள்ளைநோய் என்றே பொறித்திருக்கிறது. அங்கிருந்து முன்பு எடுத்து ரஷ்யாவில் பாதுகாத்து வைத்திருந்த ஏழு பேரின் பற்களை ஆராய்ந்தபோது மூவரிடம் பிளேக் கிருமி இருந்தது. அந்தக் கிருமி, பின்னர் ஐரோப்பாவை அழித்த கிளைகள் எல்லாவற்றுக்கும் மூதாதை நிலையில் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கல்வெட்டு, எலும்பு, அவற்றை எங்கிருந்து எடுத்தோம் என்ற பதிவு ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தபடியால்தான் இந்த உண்மை வெளியே வந்தது. பதிவில்லாத எலும்பு இவ்வளவு பேசியிருக்காது.

தெள்ளும் கொழும்பும்

பிளேக் கிருமி, வயிற்றோட்டம் உண்டாக்கும் ஒரு சாதாரணக் குடற்கிருமியிலிருந்து பிரிந்து வந்தது. ஆசிய, ஐரோப்பியப் புல்வெளிகளில் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர்களின் பற்களில் அதன் பழைய வடிவங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த வடிவங்களில் ஒரு மரபணு இல்லை. தெள்ளின் வயிற்றுக்குள் கிருமி செத்துப்போகாமல் காப்பது அந்த மரபணுதான். அது இல்லாதவரை எலித்தெள்ளு வழியாகப் பிளேக் எளிதில் பரவியிருக்க முடியாது. ரஷ்யாவின் சமாரா பகுதியில் சுமார் 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில் கிடைத்த கிருமியில் அந்த மரபணு வந்துவிட்டது. அதன் பிறகுதான் எலி, தெள்ளு, மனிதன் என்ற சங்கிலி முழுமையாகிறது.

இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி நம் நாட்டில் ஆராயப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது. 1894இல் ஹொங்கொங்கில் அலெக்சாண்டர் யெர்சின் பிளேக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1896இல் நோய் பம்பாய்க்கு வந்து, அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1914இல் கொழும்பில் வெளிப்பட்டது. கொழும்பு மாநகரசபையில் நுண்ணுயிரியலாளராக இருந்த ஃபேபியன் ஹேர்ஸ்ட், நகரத்து எலிகளின் தெள்ளுகளைச் சேர்த்து எண்ணிப் பார்த்தார். இலங்கை எலிகளில் வழக்கமாக இருந்த தெள்ளினம் ஒன்று. தானியக் களஞ்சியங்களைச் சுற்றி இருந்தது இன்னொன்று. பிளேக்கை நன்றாகக் கடத்துவது இந்த இரண்டாவது இனம். கப்பலில் வந்த தானியத்தோடும் சாக்கோடும் அது வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

பின்னாளைய மரபணு ஆய்வுகளும் அதே திசையைக் காட்டுகின்றன. பல நாடுகளின் பிளேக் கிருமிகளை ஒப்பிட்டு 2010இல் வெளியான ஆய்வின்படி, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகெங்கும் போன பிளேக் ஒரே கிளையைச் சேர்ந்தது. நீராவிக் கப்பல்கள் தொட்ட துறைமுகங்கள் வழியே அது விரிந்தது. கிருமியின் வம்சாவளி வணிகப் பாதைகளின் படமாகவே இருக்கிறது.

அதே காலத்தில் தோட்டங்களுக்கு வந்த எங்கள் முன்னோருக்கு என்ன நடந்தது? தனுஷ்கோடி, தலைமன்னார் கப்பல் வழி 1914இல் திறந்தது. அதை அடுத்து மண்டபத்தில் பெரிய தடுப்பு முகாம் அமைந்தது. தோட்டத்துக்கு ஆள் கட்டப்பட்ட ஒவ்வொருவரும் அங்கே நாட்கணக்கில் தங்கி, வைத்தியப் பரிசோதனை முடித்து, அம்மைப்பால் குத்திக்கொண்ட பிறகுதான் கப்பலேறலாம். தொற்றுநோயைத் தடுக்கத் தடுப்பு முகாம் வைத்தது தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் தானியத்தையும் சாக்கையும் ஏற்றிவந்த வணிகத்தை எவரும் நோய் வணிகம் என்று பெயரிட்டு அழைக்கவில்லை. அந்தப் பெயர் கூலி ஆட்களுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டது.

வாந்திபேதி நடந்த பாதை

கொலராவின் கதை இன்னும் கசப்பானது. 1817இல் வங்காளத்தில் கிளம்பிய கொலரா அடுத்த ஆண்டே இலங்கைக்கு வந்துவிட்டது. அப்போது கோப்பித் தோட்டங்களும் இல்லை, தோட்டத் தொழிலாளரும் இல்லை. தோட்டங்கள் பெருகிய பின், இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, மதுரைப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தார்கள். குளத்து நீரும் பள்ளத்து நீரும்தான் குடிநீர். வாந்திபேதியில் விழுந்தவர்களைப் பாதையோரத்திலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பாதையில் இறந்தார்கள் என்பதற்குப் பெயர்ப்பட்டியல் கிடையாது.

கொலராக் கிருமி எலும்பிலோ பல்லிலோ தங்குவது அரிது; அது குடலோடு நின்றுவிடும். இருந்தும் ஒரு சாட்சி கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1849இல் கொலராவால் இறந்த ஒருவரின் குடல் துண்டு, வைத்தியர் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் திரவத்தில் இட்டுப் பாதுகாக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து மீட்ட கிருமியின் மரபணுத் தொகுதி 2014இல் வெளியானது. இன்று பரவும் வகைக்கு முந்தைய பழைய வகை அது. மன்னார்ப் பாதையில் எங்கள் சனம் மடிந்த அதே காலத்தில் அமெரிக்கத் துறைமுக நகரத்திலும் ஆட்கள் கொலராவால் மடிந்தார்கள். சுத்தமான குடிநீர் இல்லாத இடமெல்லாம் அதற்கு ஒன்றுதான்.

மரபணு வாசிப்பு பழியைத் துடைக்க மட்டும் பயன்படுவதில்லை; பொறுப்பைச் சுமத்தவும் பயன்படும். 2010இல் ஹெயிட்டியில் கொலரா வெடித்தபோது, பூமியதிர்ச்சியில் வீடிழந்த மக்களின் அசுத்தம்தான் காரணம் என்ற பேச்சு எழுந்தது. கிருமியை வாசித்துப் பார்த்ததில் அது நேபாளத்துக் கிருமியோடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. நேபாளத்திலிருந்து வந்த ஐ.நா. அமைதிப்படையினரின் முகாமிலிருந்து கழிவு ஆற்றில் கலந்திருந்தது. பல்லாயிரம் உயிர்கள் போயின. 2016இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பான் கீ மூன் ஹெயிட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். முகாம் வாழ்க்கையை அறிந்த நம் வாசகர்களுக்கு இதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. 2009இல் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் பரவிய மஞ்சட்காமாலையும் வயிற்றோட்டமும், அடைக்கப்பட்டவர்களின் பழக்கவழக்கத்தால் வந்தவை என்று சொல்ல முடியுமா?

கிருமி மாறவில்லை, வாழ்க்கை மாறியது

தொழுநோய் இதற்கு இன்னொரு சான்று. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே பாலாத்தலில் கிடைத்த சுமார் 4,000 ஆண்டுப் பழமையான எலும்புக்கூட்டில் தொழுநோயின் தழும்புகள் இருப்பதை 2009இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். இடைக்கால ஐரோப்பாவில் இந்த நோய் பரவலாக இருந்தது, பிறகு மறைந்துபோனது. கிருமி வலுவிழந்ததால் மறைந்ததா? டென்மார்க், சுவீடன், இங்கிலாந்து இடுகாடுகளிலிருந்து மீட்ட கிருமிகளை 2013இல் வாசித்தபோது, ஆயிரம் ஆண்டுகளில் அது மாறியது மிகச் சொற்பம் என்று தெரிந்தது. ஐரோப்பாவில் நோய் ஒழிந்ததற்குக் கிருமிக்கு வெளியே, மனிதரின் உடலெதிர்ப்பிலும் வாழ்நிலையிலும் காரணம் தேட வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் ஒல்லாந்தர் 1708இல் ஹெந்தலையில் தொழுநோயாளருக்கென்று காப்பகம் கட்டினார்கள். பிறகு மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் இன்னொன்று வந்தது. மனிதரைத் தனித்தீவில் வைக்கும் அளவுக்கு அச்சம் இருந்தது. இன்று தொழுநோய் மாத்திரையால் முழுமையாகக் குணமாகும், மாத்திரை இலவசம். ஆனாலும் ஆண்டுதோறும் இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகிறார்கள். வெட்கத்தால் மறைப்பதே அவர்களில் பலர் சிகிச்சைக்குப் பிந்தி வரக் காரணம்.

சப்ரகமுவக் குகைகளில்

நான் பிறந்த மாகாணம் இரத்தினக்கல்லுக்கும் இறப்பருக்கும் பெயர்போனது. தொல்லியலாளருக்கு அது வேறு காரணத்துக்காக முக்கியம். குருவிட்டவுக்கு அருகே பட்டதொம்பலென குகையிலும், கேகாலை மாவட்டம் கித்துல்கலயில் பெலிலென குகையிலும் வரலாற்றுக்கு முந்தைய மனிதரின் எலும்புகளும் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. பலாங்கொடை மனிதன் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் இவர்கள்தான்.

மழையும் வெக்கையும் கூடிய நாட்டில் டிஎன்ஏ தங்காது என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 2023இல் அது உடைந்தது. இலங்கைக் குகைகள் இரண்டில் கிடைத்த இரண்டு வேட்டுவ மனிதரின் தாய்வழி மரபணு முழுமையாக வாசிக்கப்பட்டது. இரண்டும் இந்தியத் துணைக்கண்டத்து மரபுகள். அவற்றில் ஒன்று இன்றைய சிங்களவர், இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர் ஆகிய மூன்று சமூகத்திலும் குறைந்த அளவில் காணப்படுகிறது. வந்தவர், இருந்தவர் என்று எங்களைப் பிரித்துச் சண்டை பிடித்தவர்கள் இந்த முடிவை ஒருமுறை வாசிக்க வேண்டும். மனித டிஎன்ஏ மிஞ்சும் எலும்பில் கிருமியின் டிஎன்ஏயையும் தேடிப் பார்க்கலாம். அதற்கான கதவு இப்போது திறந்திருக்கிறது.

எலும்பைத் தொடும் முன்

எலும்பு என்றதும் நம் மக்களின் மனம் போகும் இடம் எனக்குத் தெரியும். மன்னார் சதொச வளாகத்தில் 2018இல் முந்நூறுக்கும் மேற்பட்ட மனித எச்சங்கள் வெளிவந்தன. அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் காலக்கணிப்பு, அனுப்பிய மாதிரிகளை 15ஆம் நூற்றாண்டுக்கும் 17ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் பலர் அதை ஏற்கவில்லை. செம்மணி சித்துப்பாத்தியில் 2025இல் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன.

நோய்க்கிருமியைத் தேடும் ஆய்வு வேறு. ஆளை அடையாளம் காணும் தடயவியல் டிஎன்ஏ ஆய்வு வேறு. முதலாவது, யார் கொன்றார்கள் என்பதைச் சொல்லாது. இரண்டாவதற்குத் தாய், தகப்பன், பிள்ளை, சகோதரம் ஆகியோரின் மாதிரி ஒப்பிடக் கிடைக்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் வேண்டிய ஒழுங்கு ஒன்றுதான். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எலும்பைத் தொடக்கூடாது. பல்லைத் தாடையிலிருந்து பிடுங்கித் தனியாகப் போடக்கூடாது. கழுவக்கூடாது. எந்த ஆழத்தில், எந்தத் திசையில், எதனோடு கிடந்தது என்று படத்தோடு பதிய வேண்டும். எடுத்ததிலிருந்து ஆய்வுகூடம் வரை யார் கையில் இருந்தது என்பதற்கு எழுத்து இருக்க வேண்டும். முடிவை ஏற்பதா மறுப்பதா என்பதை உறவுகள் தீர்மானிக்க இந்தப் பதிவுகள்தான் உதவும். அகழ்வு நடக்கும் இடங்களில் இவற்றைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை.

லயத்தில் இன்று

இரத்தினபுரியும் கேகாலையும் இன்று எலிக்காய்ச்சல் அதிகம் பதியப்படும் மாவட்டங்கள். 2008இல் நாடு முழுவதும் 7,000க்கும் மேற்பட்டோர் இந்தக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவானது. எலியின் சிறுநீர் கலந்த நீரும் சேறும், காலில் உள்ள சிறு வெடிப்பு வழியாகக் கிருமியை உள்ளே விடும். வயலில் இறங்குவோர், மாணிக்கக் குழியில் வேலை செய்வோர், வெறுங்காலோடு கானில் நிற்கும் தோட்டத் தொழிலாளர் எல்லோருக்கும் இந்த ஆபத்து உண்டு. கடும் காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைதல் ஆகியவை கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சேற்றில் வேலை செய்தவர் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். ஆபத்தான வேலை செய்வோருக்கு முன்கூட்டியே கொடுக்கும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் ஒரு குடும்பம் சமைத்து, உறங்கி, அரிசி மூட்டையையும் வைத்திருந்தால் எலி வரத்தான் செய்யும். பொதுக் குழாயில் தண்ணீர் கலங்கி வந்தால் வயிற்றோட்டம் வரத்தான் செய்யும். லண்டன் இடுகாட்டுப் பற்களும் டென்மார்க் எலும்புகளும் ஒன்றாகச் சொல்லும் சேதி இதுவே: கிருமி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது; அது எவரை எவ்வளவு கொல்லும் என்பதில் வீடும் தண்ணீரும் சாப்பாடும் மருந்தும் பெரும் பங்கு வகிக்கின்றன. எங்கள் சனம் நோயைக் காவி வந்தவர்கள் என்று இனி யாராவது சொன்னால், அவர்கள் நடந்த பாதையில் குடிக்க என்ன இருந்தது, அவர்களுக்குக் கட்டிக்கொடுத்த காம்பிராவின் அளவு என்ன என்று கேளுங்கள்.